பூதக்கண்ணாடியின் பக்கோடாக் கடைகள்

வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவே, பூதக்கண்ணாடியால் ஒரு தடவையாவது தலை சுற்றி உட்காராத குடும்பம் கிடையாது. எங்கள் குடும்பம் உட்கார்ந்ததோடு நிற்கவில்லை. படுத்தே விட்டது. அதைச் சொல்வதற்கு முன்னால் ஆளைச் சொல்லிவிடுகிறேன்.

மதகடிப்பட்டில் விழுப்புரம் ரோட்டின் மேலேயே அவருக்கு ஹார்டுவேர் கடை. பெயிண்ட், ஆணி, தாழ்ப்பாள், பிவிசி பைப்பு. பலகையில் அவருடைய சொந்தப் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. யாரும் அதைப் படித்ததில்லை. கழுத்தில் ஒரு கயிறு, கயிற்றில் ஒரு பூதக்கண்ணாடி. சட்டை இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் உண்டு, கண்ணாடி இல்லாமல் பார்த்தவர்கள் இல்லை. அதனால் பெயரும் அதுவே ஆகிவிட்டது. அவர் மனைவிகூட போனில், "பூதக்கண்ணாடி வூடுதான், சொல்லுங்க" என்பார்.

கண்ணாடி எதற்கென்றால், மேப்பு பார்க்க. பிரெஞ்சுக்காரர் காலத்தில் எடுத்த பழைய கிராமப் படங்களின் நகல்களை எங்கெங்கோ அலைந்து சேர்த்து வைத்திருந்தார். நகலில் எழுத்து எறும்பு சைசில் இருந்ததால், கட்சிக்காரர்கள் தலைவருக்கு பேனர் அடிக்கிற கடைக்கே போய், ஒவ்வொரு ஊரையும் ஃப்ளெக்ஸில் அடித்து வாங்கினார். அதைக் கடைத் தரையில் விரித்துப் போட்டு, மேலே மண்டி போட்டு, கண்ணாடியை வைத்துக்கொண்டு தவழுவார். பெயிண்ட் வாங்க வந்தவர் ஓரமாகச் சுவரை ஒட்டி நடக்க வேண்டும்.

"செருப்ப கழட்டிட்டு வாபா. நீ நிக்கறது உங்க தாத்தா நெலம்."

தாழ்ப்பாள் வாங்க வந்த ஆளிடம் அவர் இப்படித்தான் வியாபாரத்தை ஆரம்பிப்பார்.

"ஒரு தாப்பா குடுங்கணா. ஆறு இஞ்சு."

"எந்த ஊரு?"

"பாகூர் பக்கம்."

"பாகூர்ல கெழக்கால தெருவா, மேற்காலயா? உங்க தாத்தா பேரு இன்னா?"

"தாப்பாவுக்கு எதுக்குணா தாத்தா பேரு?"

"கதவு எந்த எடத்துல கீதுன்னு தெரிய வாணாமா?"

வந்தவர் தாழ்ப்பாளை மறந்துவிட்டு, தன் தாத்தாவின் வீடு இருந்த இடத்தில் பிரெஞ்சுக்காரன் வாய்க்கால் போட்டிருக்கிறானே என்று வெளிறிப்போய் வீடு திரும்புவார். மறுநாள் பெரியப்பா, சித்தப்பா எல்லோரையும் கூட்டிக்கொண்டு வருவார். யாரும் எதுவும் வாங்க மாட்டார்கள். கடை எப்படி ஓடியது என்பது அவர் மனைவிக்கு மட்டுமே தெரிந்த கணக்கு.

கரிக்கலாம்பாக்கத்தில் வயலெல்லாம் மனையாகிக்கொண்டிருந்த நேரம். ஒருவர் அங்கே புது வீடு கட்டி கிரகப்பிரவேசம் வைத்தார். சிமெண்ட் கொடுத்தவர் என்ற முறையில் பூதக்கண்ணாடிக்கும் பத்திரிகை. பந்தியில் உட்கார்ந்து, கேசரியை வழித்துக்கொண்டே, பக்கத்து இலைக்காரரிடம் சாதாரணமாகச் சொன்னார்:

"ஹாலு நல்லா விசாலமா வுட்டுக்கீறாங்க. பழைய மேப்புல இங்கதான் சுடுகாடு."

அந்த வாக்கியம் பந்தியின் இந்த முனையில் கிளம்பி அந்த முனைக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி இலைகள் காலி. சோறு போட வந்தவர் வாளியோடு நின்றார். வீட்டுக்காரரின் மாமியார் புதுச் சுவரில் சாய்ந்து, அது சாயக்கூடிய சுவர்தானா என்ற சந்தேகம் வந்து, நேராக நிமிர்ந்தார். ஐயரைத் திரும்பக் கூப்பிட ஆள் ஓடியது.

மறுநாள் காலையில் பூதக்கண்ணாடி அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். முகமெல்லாம் வருத்தம்.

"மன்னிச்சுக்கங்க. மேப்ப தலகீழா புடிச்சிட்டேன். உங்க வூடு நல்ல எடம். நஞ்ச நெலம். பயப்படாம இருங்க."

வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். அப்போது பூதக்கண்ணாடி எதிர் வரிசை வீடுகளைப் பார்த்துக் கையை நீட்டி, "சுடுகாடு அதுங்க" என்றார். எதிர் வரிசையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அந்தத் தெருவில் அதற்கப்புறம் அவரை யாரும் எதற்கும் அழைக்கவில்லை.

இவ்வளவும் ஊரைப் பயமுறுத்தவா என்றால் இல்லை. அவருக்கு ஒரு குறை இருந்தது. அவருடைய தாத்தா சின்னப் பையனாக யார் கையையோ பிடித்துக்கொண்டு மதகடிப்பட்டுக்கு வந்தவர். எந்த ஊரிலிருந்து வந்தார் என்று அவருக்கே தெரியாது. சாதி தெரியும், தகப்பன் பெயர் தெரியும். ஊர் தெரியாது. ஊர் தெரியாததால் வகையறா தெரியாது. வகையறா தெரியாததால் குலதெய்வம் தெரியாது. எங்கள் பக்கத்தில் குலதெய்வம் தெரியாத வீட்டில் யாரும் லேசில் சம்பந்தம் வைக்க மாட்டார்கள். முதல் பத்திரிகையை எந்தச் சாமி முன்னால் வைப்பது?

தாத்தா ஒன்றே ஒன்றை மட்டும் மகனிடம் சொல்லி, மகன் பேரனிடம் சொல்லியிருந்தார். மாட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஓர் ஏரி. கொம்பு நுனியில் சாமி. சாமிக்குப் பின்னால் அவர்கள் வீடு.

அதைத்தான் பூதக்கண்ணாடி வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தார். இன்றைய கூகுள் மேப்பில் அப்படி ஏரி இல்லை, பாதி ஏரி மனையாகிவிட்டது. பழைய படத்தில் இருந்தது. கொம்பு மாதிரி வளைந்த ஏரிகள் நாலைந்து இருந்தன. ஆனால் எந்த நுனியிலும் சாமி இல்லை. அதற்குப் பதில் அவருக்குக் கிடைத்தது வேறொன்று.

"உனுக்குத் தெரியுமா," என்று என்னிடமே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். "அந்தக் காலத்துல நம்ம ஆளுங்க பயங்கரத் தீனிக்காரனுங்க. ஊருக்கு நாலு பக்கோடா கடை. ஏரிக்கரையில ஒண்ணு, வயல் நடுவுல ஒண்ணு. யாருமே இல்லாத தோப்புல கூட ஒண்ணு போட்டு வச்சிக்கீறான்."

"பிரெஞ்சுக்காரன் பக்கோடா கடையையா மேப்புல போடுவான்?"

கண்ணாடியை என் கையில் கொடுத்தார். பார்த்தேன். வாஸ்தவம்தான். சின்னதாக ஒரு கட்டம், பக்கத்தில் ஆங்கில எழுத்தில் பி, ஏ, ஜி, ஓ, டி, இ. எனக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. "ஆமாம், பக்கோடாதான்" என்றேன். ஏரிக்கரையில் உட்கார்ந்து யார் பக்கோடா தின்றிருப்பார்கள் என்று கொஞ்ச நேரம் இரண்டு பேரும் யோசித்தோம்.

இந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டில் என் தம்பி பிரபுவுக்குப் பெண் பார்த்தார்கள். எங்கள் ஊர் மடுகரை. எல்லைக் கிராமம். கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம். தம்பி மட்டும் மருந்துக் கம்பெனியில் சூப்பர்வைசர். தரகர் கொண்டுவந்த போட்டோவில் இருந்தது சங்கீதா, பூதக்கண்ணாடியின் ஒரே பெண். பி.எட். முடித்தவள். போய்ப் பார்த்தோம். அம்மாவுக்குப் பிடித்தது. பிரபுவுக்கு, அம்மாவுக்கு முன்னாலேயே பிடித்துவிட்டது. அவன் காபி டம்ளரைத் தலைகீழாக வைத்ததைப் பார்த்தே அது தெரிந்தது. இரண்டு பேரும் வாட்ஸ்அப்பில் பேச ஆரம்பித்தார்கள்.

அப்பா மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்.

"பொண்ணு தங்கம். நான் இல்லேங்கல. ஆனா குலசாமி எதுன்னு தெரியாம நிச்சயம் பண்ண மாட்டேன். கண்டுபுடிச்சிட்டு வாங்க சம்பந்தி, மறுநாளே தட்டு மாத்திக்கலாம்."

பூதக்கண்ணாடி அன்றைக்குச் சிரித்துக்கொண்டுதான் தலையாட்டினார். ஆனால் அதற்கப்புறம் கடையில் வியாபாரம் சுத்தமாக நின்றது. ஃப்ளெக்ஸ் மேல் ஃப்ளெக்ஸாக விரித்துப் போட்டுத் தவழ்ந்துகொண்டே இருந்தார். வாங்க வந்தவர்கள் தாங்களே எடுத்துக்கொண்டு, மேஜை மேல் காசு வைத்துவிட்டுப் போனார்கள்.

அப்படி ஒருநாள் சுண்ணாம்புப் பெயிண்ட் வாங்க வந்தார் ஒரு சொல்தா வீட்டம்மா. சொல்தா என்றால் எங்கள் பக்கத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். அந்த அம்மா கணவரோடு அந்த நாட்டிலேயே பல வருஷம் குடித்தனம் செய்தவர். ஃப்ளெக்ஸை மிதிக்காமல் இருக்கக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தவர், நின்றார்.

"எங்க ஊர் கோயிலெல்லாம் கூட போட்டிருக்கானே."

"கோயிலா? எங்க கோயிலு?"

"இதோ. பகோத். பகோத்னா கோயில்தானே."

"அது பக்கோடா கடைங்கமா."

அந்த அம்மா அவரைப் பார்த்த பார்வையை, கடையில் இருந்தவர்கள் இன்றைக்கும் செய்து காட்டுகிறார்கள்.

பூதக்கண்ணாடி ஃப்ளெக்ஸ் மேலேயே உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷமும் குலதெய்வம் குலதெய்வம் என்று தேடி, வழியில் கண்ட சாமியையெல்லாம் பக்கோடாக் கடை என்று தாண்டிப் போயிருக்கிறார். இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு எழுந்து, பெயிண்ட் டப்பாவை அந்த அம்மா கையில் கொடுத்து, காசு வேண்டாம் என்று சொல்லி, ஷட்டரை இழுத்துவிட்டார். கடைக்குள் இன்னும் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். தட்டின பிறகுதான் திறந்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வெயில் உச்சியில் இருக்கும்போது, அவருடைய மொபெட் எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்றது. பின் சீட்டில் குறுக்கே ஒரு ஃப்ளெக்ஸ் சுருள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. யாரையும் எதுவும் கேட்காமல் வாசலில் விரித்தார். நாலு மூலைக்கும் எங்கள் வீட்டுத் தேங்காய்களையே எடுத்து வைத்தார். அப்பா மோர் டம்ளரோடு வெளியே வந்தார்.

"சம்பந்தி, செருப்ப கழட்டுங்க."

அப்பா கழற்றினார். அம்மாவும் நானும் ஓரமாக நின்றோம். பிரபு நிலைப்படியில் சாய்ந்துகொண்டு போனில் டைப் செய்துகொண்டிருந்தான்.

"இது ஏரி. கொம்பு மாதிரி கீதா? இது நுனி. இது பகோத், கோயிலு. கோயிலுக்குப் பின்னாடி ஒரே ஒரு வூடு. நடுவுல ஒரு கோடு போட்டு ரெண்டு பாகமா பிரிச்சிக்கீறான் பாருங்க."

"சந்தோஷம்," என்றார் அப்பா. "எந்த ஊரு?"

"இந்த ஊருதான். கோயிலு, உங்க எல்லையம்மன். வூடு, நாம நிக்கற எடம்."

மோர் டம்ளர் சாய்ந்து ஏரியில் கொட்டியது.

எல்லையம்மன் எங்கள் வகையறாவுக்கு மட்டும் சொந்தமான சாமி. வேறு யாருக்கும் அங்கே பொங்கல் வைக்க உரிமை கிடையாது. கோயிலுக்குப் பின்னால் எங்கள் வீடு. வீட்டை ஒட்டி வைக்கோல் போர் போடுகிற காலி இடம். கோயிலுக்கு முன்னால் ஏரி இருந்ததாக எங்கள் யாருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்து அங்கே மனைக்கல்தான் நட்டிருந்தது.

அப்பாவின் கண் நேராக வைக்கோல் போருக்குப் போனது. குரல் மாறிவிட்டது.

"இன்னா, பாகம் கேக்க வந்தியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதுவரை சம்பந்தி சம்பந்தி என்று கூப்பிட்டவர். பூதக்கண்ணாடி அதைவிட அதிர்ந்துபோனார். ஃப்ளெக்ஸ் மேல் மண்டியிட்டபடியே அப்பாவை நிமிர்ந்து பார்த்தார்.

"எடம் வச்சி நான் இன்னா பண்ணப் போறேன்? எங்க தாத்தன் இங்க பொறந்தானா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க. போதும்."

அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். கோயில் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். அப்பாவின் தாத்தாவுக்கு ஒரு சித்தப்பா இருந்தார். வீட்டில் பாதி அவருடையது. காலரா வந்து அந்தப் பாதியில் எல்லோரும் போய்விட்டார்கள். அவருடைய சின்னப் பையன் ஒருவனை மட்டும் காணவில்லை. செத்தானா, பிழைத்தானா, யார் கூட்டிக்கொண்டு போனார்கள், எதுவும் தெரியாது.

"தெரியாததால, ஆடி மாசம் கூழு ஊத்தறப்ப அவனுக்கும் ஒரு எல போடணும்னு எங்க தாத்தா சொல்லிட்டாரு. செத்தவனுக்குப் போடற மாதிரி இல்ல. சாப்புட வருவான்னு போடற எல."

அந்த இலை எனக்குத் தெரியும். ஆடியில் ஓரமாக ஓர் இலை தனியாக விழும். யாருக்கு என்று கேட்டால், "இன்னொருத்தருக்கு" என்பார்கள். அதிலிருக்கும் வடைக்கு நானும் பிரபுவும் அடித்துக்கொண்டிருக்கிறோம். அந்த இன்னொருத்தர் மதகடிப்பட்டுக்குப் போய், கல்யாணம் செய்து, பேரன் பெற்று, அந்தப் பேரன் பெயிண்ட் கடை வைத்து, இப்போது எங்கள் வாசலில் மண்டி போட்டிருக்கிறார் என்பது என் மண்டையில் ஏற நேரமாயிற்று.

பூதக்கண்ணாடி அழவில்லை. வாய் மட்டும் கோணியது. "எல போட்டீங்களா?" என்றார். "வருஷா வருஷமா?"

"ஒரு வருஷம் தப்புனதில்ல."

"அண்ணே," என்றார்.

சம்பந்தி என்று வந்தவர் அண்ணே என்று கூப்பிட்டதும் அப்பாவும் எழுந்து போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் தொட்டுப் பேசிப் பார்த்ததில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அம்மாதான் முதலில் கணக்குப் போட்டது.

"அது சரி. நீங்க ரெண்டு பேரும் பங்காளின்னா, அவரு பொண்ணு இவனுக்கு இன்னா வேணும்?"

 எல்லோரும் பிரபுவைத் திரும்பிப் பார்த்தோம். அவன் போனைப் பார்த்தான். டைப் செய்துகொண்டிருந்ததை விரலால் ஒவ்வொரு எழுத்தாக அழித்தான்.

தங்கச்சி. ஒரே வகையறா, ஒரே சாமி, ஒரே வீட்டின் இரண்டு பாதி. எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சே கிடையாது.

பூதக்கண்ணாடிக்கு இது அதுவரை உறைக்கவே இல்லை என்பதுதான் பெரிய அதிர்ச்சி. ஊரில் இருக்கிற எல்லாக் குடும்பத்தின் வேரையும் தோண்டியவர், தன் பெண்ணின் கல்யாணத்துக்காகத் தேடிய சாமி அந்தக் கல்யாணத்தையே நிறுத்திவிட்டதை எங்கள் அம்மா வாயால்தான் தெரிந்துகொண்டார். தேங்காய்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரம் வைத்து, ஃப்ளெக்ஸைச் சுருட்டி, மொபெட்டைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரை போனார். ஸ்டார்ட் பண்ண மறந்துவிட்டார்.

பிரபு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சங்கீதாவிடமிருந்து ஒரு மெசேஜ். என்னிடம் காட்டினான். "சாப்டீங்களா அண்ணா" என்று இருந்தது. அந்த அண்ணாவைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு "சாப்ட்டேம்மா" என்று அனுப்பிவிட்டு எழுந்துபோய் நிஜமாகவே சாப்பிட்டான்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. கடைக்குப் போய் நேராகக் கேட்டேன். அப்போது அவரை என்னவென்று கூப்பிடுவது என்றே தெரியவில்லை. பங்காளி முறையில் சித்தப்பா.

"சித்தப்பா, இந்த மேப்பு உங்ககிட்ட மட்டுந்தான கீது? வேற எதனா ஒரு ஊரு, வேற எதனா ஒரு சாமின்னு சொல்லியிருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

"இதத்தான் சங்கீதா அம்மாவும் கேக்கறா. காலையில இருந்து கேக்கறா."

"இன்னா சொன்னீங்க?"

"சாமி கெடச்சிடுச்சே. கெடச்சப்புறம் கெடைக்கலன்னு எப்பிடிபா சொல்றது?"

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு குழந்தைத்தனமான குழப்பம் இருந்தது. பொய் சொல்வது தப்பு என்பதால் சொல்லாமல் இருந்தவர் இல்லை. அப்படி ஒரு வழி இருப்பதே அவருக்குத் தோன்றவில்லை.

அந்த ஆடிக்குக் குடும்பத்தோடு வந்தார். கூழ் குடித்தார். தன் தாத்தாவுக்குப் போட்ட இலையில் தானே உட்கார்ந்து, வடையைப் பாதியாகப் பிய்த்து எனக்கும் பிரபுவுக்கும் கொடுத்தார். மிச்ச நேரமெல்லாம் டேப்பைப் பிடித்துக்கொண்டு கோயிலைச் சுற்றி அளந்து, அம்மன் ஒரு முழம் தெற்கே தள்ளி உட்கார்ந்திருப்பதாகச் சொல்லிப் பூசாரியைப் பீதியில் தள்ளினார்.

குலதெய்வம் தெரிந்துவிட்டதால் சங்கீதாவுக்கு வரன்கள் வரிசையில் வந்தன. ஒரு வருஷத்தில் கல்யாணம். பெண்ணுக்குக் கூடப்பிறந்த அண்ணன் தம்பி இல்லாததால், பொரி அள்ளிப்போட பங்காளி வீட்டுப் பையன் வேண்டும் என்றார் ஐயர். பிரபு பட்டு வேட்டியோடு மேடை ஏறி, அவள் கை நிறையப் பொரி போட்டான். மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போட்டார். கீழே இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான்:

"இந்த மேடைக்கு நான்தான்டா மொதல்ல புக் பண்ணியிருந்தேன்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் முன் வரிசைப் பெரியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

போன வருஷம், மத்தியான நேரத்தில், பூதக்கண்ணாடி தன் கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு அவருடைய பாட்டன் ஊரைக் காட்டிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தல் போட்டாகிவிட்டது. பையன் இல்லாத வீடு, கொள்ளி யார் வைப்பது என்று யாரோ ஆரம்பித்தார்கள். பேச்சு முடிவதற்குள் பிரபு சட்டையைக் கழற்றிவிட்டுப் போய் நாவிதர் முன்னால் உட்கார்ந்தான். மருமகனாக வந்திருந்தால் அவனுக்கு அந்த உரிமை கிடையாது. சங்கீதா ஓடிவந்து, "அண்ணா" என்று அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்பா ஒரு மூலையில், தம்பி செத்தால் அண்ணன் எப்படி அழுவாரோ அப்படி அழுதார்.

அதற்கடுத்து வந்த பொங்கலுக்கு எங்கள் தெருவில் எல்லா வாசலிலும் கோலம். எங்கள் வாசல் மட்டும் வெறுமனே தண்ணீர் தெளித்துக் கிடந்தது. ஊருக்குப் புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டுப் பெண் அம்மாவிடம் கேட்டாள்.

"இன்னாக்கா, பொங்க வைக்கலயா?"

"இல்லமா," என்றது அம்மா. "எங்க வூட்ல ஒருத்தரு பூட்டாரு."